படகில் தின்றது கணக்கில் சேராது

மதினி,

சுபா அந்த டப்பாவைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "பாரும்மா, அத்தை செய்ற வாசனை வருதா?" என்றாள். வந்தது. நேந்திரம்பழமும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்து சூடாக வந்த அந்த வாசனையில் ஒரு நிமிஷம் நீங்கள் அடுப்படியில்தான் நிற்கிறீர்கள் என்று திரும்பிப் பார்த்துவிட்டேன். உங்கள் எவர்சில்வர் டப்பாதான். இரண்டு பக்கமும் கொக்கி வைத்தது. மூடியில் உங்கள் பெயரை மலையாளத்தில் வெட்டியிருக்கும். எனக்கு இந்த வயது வரைக்கும் மலையாளத்தில் ஓர் எழுத்துகூட வாசிக்க வராது. ஆனாலும் அந்தச் சுழிகளைப் பார்த்தால் அது நீங்கள்தான் என்று தெரிந்துவிடும்.

இரண்டு நாள் மட்டாஞ்சேரியில் இருந்துவிட்டு நாலு நாள் முன்புதான் கோவில்பட்டிக்குத் திரும்பினேன். நடந்ததை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. முன்பென்றால் போனைப் போட்டு மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்திருப்பேன். நீங்களும் "பின்னே? பின்னே?" என்று கேட்டுக்கொண்டே இருப்பீர்கள், அங்கே அடுப்பில் ஏதாவது தீய்ந்து போகும். இப்போது எழுதத்தான் வேண்டியிருக்கிறது. தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பீர்கள் என்பது தெரியும். போன இடத்தில் எங்கள் பக்கத்து ஆள் யாராவது கட்டாயம் இருப்பார்கள், வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

விஷயம் இதுதான். உங்கள் சின்ன மகன் வினோதுக்குப் பெண் பார்த்தாயிற்று. நாங்கள் எங்கே பார்த்தோம், காக்கநாட்டில் அவனோடு வேலை பார்க்கும் ராஜபாளையத்துப் பெண்ணை அவனே பார்த்துக்கொண்டான். பெண்ணுக்குச் சம்மதம். பெண்ணின் அப்பாவுக்கு அரைச் சம்மதம். அம்மாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. வீட்டை நேரில் பார்த்துவிட்டுத்தான் எதுவும் சொல்வேன் என்று கறாராகச் சொல்லிவிட்டாளாம். சுபா எனக்குப் போன் செய்தாள். "அம்மா, நீ வந்து நில்லு. அத்தை இடத்துல நிக்க ஒரு ஆள் வேணும். மாமா வாயே தெறக்க மாட்டாங்க, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல" என்றாள்.

"ஏட்டி, நான் பொண்ணு குடுத்தவ. மாப்பிள்ளை வீட்டாளா வந்து எப்படி நிக்கது? ஊர் சிரிக்காதா?" என்றேன். "இங்க யாரு சிரிப்பா? கெளம்பி வா" என்று வைத்துவிட்டாள். கொச்சிக்காரியாகிவிட்டாள் உங்கள் மருமகள்.

ரயிலில் வரும்போது முழுக்க எனக்கு சுபாவுக்காக நாங்கள் முதன்முதலாக உங்கள் வீடு பார்க்க வந்த நாள்தான் நினைவில் ஓடியது. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்கு இப்போது தெரியும், அன்றைக்கு நாங்கள் சொல்லும் வரைக்கும் தெரியாது. மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனால், சம்மதம் என்று வாயால் சொல்கிற வரைக்கும் அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம். ஒரு வாய் சோறோ ஒரு துண்டு பலகாரமோ சாப்பிட்டுவிட்டால் பெண்ணைக் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். அப்புறம் மாற்றிப் பேச முடியாது.

நீங்களோ மூன்று தலைமுறைக்கு முன்னால் மிளகு வியாபாரத்துக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். நாங்கள் நுழைந்தபோதே கூடத்தில் வாழையிலை போட்டிருந்தது. சாம்பார், அவியல், பப்படம் எல்லாம் போதாதென்று வறுத்த மீன் வேறு. நல்ல காரியம் பேச வந்த இடத்தில் மீனா என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "மீன் இல்லாதே எப்பிடி சேச்சி சோறு இடுறது? மரியாதை இல்லல்லோ" என்று நீங்கள் வெள்ளந்தியாகச் சொன்னீர்கள். எங்க வீட்டுக்காரர் காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் வந்தவர். மீன் இருந்த பக்கம் பார்க்காமல் இருப்பதற்காகச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே வாசித்துக்கொண்டிருந்தார். அது மலையாளக் காலண்டர்.

நான் வாயைத் திறந்து வழக்கத்தைச் சொன்னேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொன்னேன். எனக்கு அன்றைக்கு மனசே இல்லை மதினி. ஒரே பெண். ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டிய ஊர், வாயில் நுழையாத பாஷை. ஏதாவது ஒன்றென்றால் ஓடிப்போய்ப் பார்க்க முடியுமா? வந்த கையோடு ஏதாவது குறை கண்டுபிடித்துத் திரும்பிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தேன். நீங்கள் இலையைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். "சாரமில்லை சேச்சி" என்றீர்கள், பரவாயில்லை என்று அர்த்தமாம். கொஞ்ச நேரம் அடுப்படிக்குள் போனீர்கள். வெளியே வந்தபோது தோளில் பை, கையில் குடை. "வாங்க, நம்ம ஊரைக் காட்டித் தாரேன்" என்று செருப்பைப் போட்டுவிட்டீர்கள்.

என்ன வெயில் அது! ஆனாலும் உங்கள் ஊர்க்காரர்கள் யாரும் அந்த வெயிலைச் சட்டை செய்ததாகத் தெரியவில்லை. கொச்சங்காடியில் சரக்குக் கிட்டங்கிகள் பாதி மூடியும் மூடாமலும் கிடந்தன. ஒருவர் சாக்கு மூட்டை மேல் படுத்துக்கொண்டே உங்களிடம் நலம் விசாரித்தார். முற்றம் முழுக்கச் சுக்கு காய்ந்தது. ஆடுகள் நடுரோட்டில் படுத்திருந்தன, ஆட்டோக்காரர் அதுகளுக்காக வண்டியை வளைத்துப் போனார். எங்கள் ஊரில் என்றால் ஆடும் பதறும், ஆட்டோவும் பதறும். நான் வேகமாக நடந்தால் நீங்கள் முந்தானையைப் பிடித்து இழுத்தீர்கள். "ஏது அவசரம்?" அந்த ஒரு சொல்லை அன்றைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! எரிச்சலாக வந்தது.

வழியில் ஒரு ஹோட்டலைப் பார்த்ததும் எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணில் உயிர் வந்தது. உங்களுக்கோ முகம் சுருங்கிவிட்டது. "நான் இங்க உயிரோட இருக்கேன், நீங்க ஹோட்டல்ல கேறுறதா? நாட்டுக்காரர் என்ன சொல்லுவார்?" என்று வாசலை மறித்து நின்றீர்கள். வீட்டில் சாப்பிட எங்கள் வழக்கம் விடவில்லை, வெளியில் சாப்பிட நீங்கள் விடவில்லை. அப்படியே காயல் கரை வரைக்கும் நடத்திக் கூட்டிப்போய்ப் படகில் ஏற்றிவிட்டீர்கள். எர்ணாகுளம் ஸ்டேஷன் வரைக்கும் கூடவே வந்து வழியனுப்புவேன் என்று நீங்களும் ஏறிக்கொண்டீர்கள்.

படகு கரையை விட்டதும் காற்று வந்தது பாருங்கள், அப்பாடா என்றிருந்தது. தண்ணீர் முழுக்க வெயில் மினுங்கியது. தோப்பும்படிப் பக்கமிருந்து மீன் படகுகள் வந்துகொண்டிருந்தன. நீங்கள் பேச்சோடு பேச்சாக டப்பாவைத் திறந்து மடியில் வைத்தீர்கள். நேந்திரம்பழத்தை மாவில் முக்கிப் பொரித்த பழம்பொரி. என் கை தன்னால் போனது. ஒன்றைத் தின்றேன். இன்னொன்றையும் தின்றேன். எங்க வீட்டுக்காரர் எத்தனை தின்றார் என்பதை நான் சொல்லப் போவதில்லை. "இன்னொண்ணு எடுங்க மதினி" என்றீர்கள். அதுவரை சேச்சி, சேச்சி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று மதினி என்றதும்தான் எனக்குச் சுரீரென்றது. இது எந்த வீட்டு அடுப்பில் பொரித்தது?

நான் அவரை முறைத்தேன். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, "இது என்ன அவுக வீடா? படகு. படகுல தின்னது கணக்குல சேராது" என்று தீர்ப்புச் சொன்னார். நீங்கள் சிரித்த சிரிப்பில் முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கை நனைத்துவிட்டோமே என்பதற்காக நான் பெண் கொடுக்கவில்லை, அது உங்களுக்கே தெரியும். அன்றைக்கு அந்த உச்சி வெயிலில் நீங்கள் குடையை என் தலைக்கு மேலேயே பிடித்துக்கொண்டு வந்தீர்கள். நீங்கள் வெயிலில் நடந்தீர்கள். ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது. என் பெண்ணுக்கும் இப்படித்தான் பிடிப்பாள் இவள் என்று தோன்றியது. மறுநாளே சம்மதம் சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு எத்தனை வருஷம் சண்டை போட்டிருப்போம்! "தெரிஞ்சுதானே குடுத்தீக?" என்று நான் கேட்பேன். "ஐயோ, எனிக்கு ஒண்ணும் அறியில்லா மதினி. வெறுதே ஒரு டப்பா எடுத்தேன்" என்று நீங்கள் கண்ணை அகல விரிப்பீர்கள். வளைகாப்பில் கேட்டேன், பேரன் காது குத்தில் கேட்டேன். கடைசி வரைக்கும் ஒத்துக்கொள்ளவே இல்லை. போன மழைக்காலத்தில் சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சேர்ந்தீர்களே, அப்போது ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. எல்லாவற்றுக்கும் ஏது அவசரம் என்று கேட்டவர், இதற்கு மட்டும் என்ன அவசரம் உங்களுக்கு?

சரி, அது போகட்டும். இந்தத் தடவை நடந்ததைச் சொல்கிறேன்.

ராஜபாளையத்துக்காரர்கள் வருகிற அன்று காலையில் சுபாவைப் பழம்பொரி போடச் சொன்னேன். "அத்தை செஞ்ச வேலையத்தான் நாமளும் செய்யப் போறோம். படகுல வச்சுக் குடுத்துருவோம், தின்னுட்டு முழிக்கட்டும்" என்று நான் சிரித்துக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டு அண்ணன் அடுப்படி வாசலில் சாயா கிளாஸோடு நின்றார். நீங்கள் போன பிறகு அவர் பேசுவதே குறைந்துவிட்டது. எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "அவளுக்கு அறியும்" என்றார்.

"என்னது அண்ணே?"

"நீங்க சாப்பிட மாட்டேன்னு சொன்னப்போ அவ உள்ளே வந்தா. நான் சொன்னேன், அது அவங்க வழக்கம், விட்டுருன்னு. கேட்டாளா? பழத்தை அரிஞ்சு எண்ணெய வச்சா. நான் வழக்குப் பறஞ்சேன். பின்னால அறிஞ்சா அவங்களுக்குத் தேஷ்யம் வரும், கல்யாணம் முடங்கும்னேன்." வழக்குப் பறஞ்சேன் என்றால் திட்டினேன், தேஷ்யம் என்றால் கோபம் என்பது எனக்கு இப்போது தெரியும். அண்ணன் கிளாஸைக் கீழே வைத்தார். "முடங்கட்டும்னா. அவங்க பெண்ணு தரலைன்னாலும் சரி, என் வாசல்ல வந்தவங்க வயறு காய்ஞ்சு போகப்பிடாதுன்னா."

அவ்வளவுதான். கிளாஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் இத்தனை வருஷமாக நீங்கள் என்னைத் தந்திரமாகப் பிடித்துப்போட்டீர்கள் என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தேனே மதினி! பிடித்துப்போட இல்லையாம். நான் போனாலும் போகட்டும், பசியோடு போகக் கூடாது என்றுதானாம். அடுப்படியிலேயே நின்று அழுதேன். சுபா, "எண்ணெய் தெறிச்சிருச்சாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

பெண்ணின் அம்மா வந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றைக்கு நான் உட்கார்ந்த அதே நாற்காலி, அதே நுனி. தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தாள். அவள் வீட்டுக்காரர் மீன் இருந்த பக்கம் பார்க்காமல் காலண்டரைப் பார்த்தார். ஆமாம், சுபாவும் மீன் வறுத்திருந்தாள். எங்கே படித்தாள் என்று கேட்காதீர்கள்.

அந்த அம்மா நேராகவே கேட்டாள். "தப்பா நெனைக்காதீங்க. பெரிய பொம்பள இல்லாத வீடு. எம் பிள்ளை ஒரு காய்ச்சல் தலைவலின்னு படுத்தா, ரசம் வச்சுக் குடுத்து என்ன ஏதுன்னு கேக்க ஒரு ஆளு வேணும்ல?" சுபாவின் முகம் விழுந்துவிட்டது. வினோத் சுவரைப் பார்த்தான். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, என் மகள் என்ன மரக்கட்டையா என்று கேட்க. உங்களை நினைத்து விழுங்கிக்கொண்டேன். "வாங்க, ஊரைப் பாத்துட்டு வருவோம்" என்றேன். கதவுக்குப் பின்னால் உங்கள் குடை மாட்டியிருந்தது.

எனக்கு அந்த ஊரைக் காட்டத் தெரியுமா? சுக்குக் கிட்டங்கி என்று நினைத்துக் கூட்டிப்போனால் அங்கே சுற்றுலாக்காரர்களுக்கு ஐஸ்கிரீம் விற்கிறார்கள். ஒரு ஆடு வந்து அந்த அம்மாவின் கைப்பைக்குள் வாயை விட்டு அவள் கோயிலிலிருந்து கொண்டுவந்த பூவைத் தின்றுவிட்டது. அவள் "ஐயையோ!" என்று கத்தினாள், ஆடு அசையவில்லை. பக்கத்துக் கடைச் சேட்டன் எழுந்து வராமலேயே, "அது ஒண்ணும் செய்யில்லா சேச்சி, பாவம்" என்றார். முதல் தடவையாக அந்த அம்மா சிரித்தாள். "என்ன ஊருங்க இது! யாருக்குமே ஒரு சோலியும் இல்லையா?" என்றாள். "ஏது அவசரம்?" என்றேன் நான். குடையை அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டேன். என் தலை வெந்தது. நீங்கள் அன்றைக்கு எப்படித்தான் அவ்வளவு தூரம் நடந்தீர்களோ!

புதுப் படகில் போகலாம், ஏசி இருக்கிறது என்று வினோத் சொன்னான். நான் அடம் பிடித்துப் பழைய படகுக்கே கூட்டிப்போனேன். கண்ணாடிக்குள் உட்கார்ந்துகொண்டு என்ன காயலைப் பார்ப்பது? படகு கிளம்பியது. அதே காற்று, அதே வெயில். பையிலிருந்து டப்பாவை எடுத்தேன். அந்த அம்மாவின் மூக்கு விடைத்ததைப் பார்த்தேன். அவள் கை கைப்பையை விட்டு இறங்கியது.

நீங்களாக இருந்தால் பேச்சோடு பேச்சாகக் கொடுத்திருப்பீர்கள். எனக்கு அது வராது. அதுவும் காலையில் அண்ணன் சொன்னதற்கு அப்புறம் சுத்தமாக வரவில்லை. மூடியைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன். "முதல்லயே சொல்லிருதேன். இது அந்த வீட்டு அடுப்புல பொரிச்சது. தின்னா கை நனைச்ச மாதிரி. பெறகு சொல்லலைன்னு சொல்லக் கூடாது. ஆனா நீங்க காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடலை. பொண்ணு குடுக்கதும் குடுக்காததும் உங்க இஷ்டம். பசியோட போகாதீக."

எதிரே உட்கார்ந்திருந்த வினோத் தலையில் கை வைத்துக்கொண்டான். போச்சு, அத்தை காரியத்தைக் கெடுத்துவிட்டாள் என்று நினைத்திருப்பான். எனக்கும் பயம்தான். உங்கள் பிள்ளையின் கல்யாணத்தை உங்கள் டப்பாவை வைத்தே நான் கலைத்துவிட்டால் எந்த முகத்தோடு உங்கள் படத்தைப் பார்ப்பேன்?

அந்த அம்மா டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடியில் இருந்த எழுத்தை விரலால் தடவினாள். "இது என்ன?"

"பேரு. வினோதோட அம்மா பேரு."

"நீங்க அவுகளுக்குச் சம்பந்தின்னு சொன்னாங்க. பொண்ணு குடுத்தவங்க மாப்பிள்ளை வீட்டு ஆளா வந்து நிக்கிறீங்களே, எங்க பக்கம் இப்படிப் பாத்ததே இல்லையே."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். இலை, மீன், குடை, பழம்பொரி, காலையில் அண்ணன் சொன்னது வரைக்கும். சொல்லிவிட்டு, "அவுக இருந்தா அவுக வந்திருப்பாக. இல்லை. அதான் நான் நிக்கேன். உங்க பொண்ணு காய்ச்சல்ல படுத்தா ரசம் வைக்க எம் மக இருக்கா, அவளுக்குச் சொல்லிக் குடுத்தது இவுகதான். அவளுக்கும் முடியலைன்னா கோவில்பட்டில இருந்து நான் வாரேன்" என்றேன்.

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எர்ணாகுளம் கரை பக்கத்தில் வந்துவிட்டது. அப்புறம் அவளே கொக்கியைத் தட்டி மூடியைத் திறந்தாள். ஒரு பழம்பொரியை எடுத்தாள், இரண்டாகப் பிய்த்தாள், பாதியை வீட்டுக்காரரிடம் கொடுத்தாள். மீதியை வாயில் போட்டுக்கொண்டு நிதானமாக மென்றாள். நானும் வினோதும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சீனி கொஞ்சம் கம்மி மதினி" என்றாள்.

மதினி என்றாள்! எனக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாமா, சீனி கம்மி என்றதற்குச் சண்டைக்குப் போகலாமா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன். வினோத் எழுந்து படகின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றான். முகத்தைத் துடைப்பது தெரிந்தது. உங்களை நினைத்திருப்பான், வேறென்ன.

படகுத்துறையில் இறங்கும்போது மிச்சமிருந்ததை ரயிலில் தின்னச் சொல்லி டப்பாவோடு அவளிடமே கொடுத்துவிட்டேன். "வெறும் டப்பாவா திருப்பித் தர மாட்டேன். நிச்சயத்துக்கு வரும்போது நெறைய வச்சுக் கொண்டாரேன்" என்று பையில் பத்திரமாக வைத்துக்கொண்டாள். ரயில் கிளம்பும்வரை கையாட்டிக்கொண்டே இருந்தாள்.

என்னிடம் இப்போது இருப்பது உங்கள் குடை. வீட்டில் திருப்பி மாட்ட மறந்துவிட்டேன் என்று சுபாவிடம் சொல்லியிருக்கிறேன், மறக்கவில்லை. கோவில்பட்டியில் வெளியே போகும்போது அதைத்தான் விரிக்கிறேன். கூட யார் வந்தாலும் அவர்கள் பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். தோள் வலிக்கிறது. சொன்னால் சாரமில்லை என்பீர்கள்.

உங்கள் டப்பா இன்றைக்கு ராஜபாளையத்தில் ஒரு சமையலறையில் இருக்கிறது மதினி. கேட்காமல் கொடுத்துவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். படகில் கொடுத்தது கணக்கில் சேராது.